ஹைப்பரா, ஹைப்போவா? மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படிக்கலாம்

இண்டர்நெட் பயன்படுத்துபவர்களுக்கு ஹைப்பர் என்ற சொல் புதியதல்ல. ஹைப்பர் லிங்க்கில் கிளிக் செய்யாமல் ஒரு நாள் கூடக் கழிவதில்லை. ஆனால் இதே ஹைப்பர், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வந்தால் பலரும் மிரண்டு போகிறோம். அதன் எதிர்ச்சொல்லான ஹைப்போ வந்தாலோ, இரண்டில் எது எது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்கிறது.

இன்று பெரும்பாலான லேப்களில் ரிப்போர்ட்டை பி.டி.எப். பைலாக மொபைலுக்கே அனுப்பிவிடுகிறார்கள். டாக்டரிடம் காட்டுவதற்கு முன்பே நாம் அதைத் திறந்து, புரியாத சொல்லை சர்ச் இன்ஜினில் டைப் செய்து பார்க்கிறோம். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஹைப்பர் என்று வரவேண்டிய இடத்தில் ஹைப்போ என்று டைப் செய்தால் ஸ்பெல் செக் நம்மைத் தடுக்காது. சிவப்புக் கோடு விழாது. ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். சர்ச் இன்ஜின் ஆனாலும் சரி, ஏ.ஐ. சாட் ஆனாலும் சரி, நாம் கேட்ட சொல்லுக்குத்தான் பதில் தரும். அந்த பதில் நம் நோய்க்கு நேர் எதிரான நோயைப் பற்றியதாக இருக்கலாம்.

எனவே இந்தக் கட்டுரையில் ஹைப்பர், ஹைப்போ என்ற இரண்டு கிரேக்க முன்னொட்டுகளையும், அவற்றோடு சேர்ந்து வரும் மருத்துவ, அறிவியல் சொற்களையும் பார்க்கலாம். முப்பது நாற்பது சொற்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிரிக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

உபரியும் உபவும்

ஹைப்பர் என்றால் கிரேக்க மொழியில் மேலே, அளவைத் தாண்டி, மிகுதியாக என்று பொருள். ஹைப்போ என்றால் கீழே, அடியில், குறைவாக என்று பொருள்.

இதை நினைவில் வைக்க நமக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அணை நிரம்பி வழியும் நீரை உபரி நீர் என்கிறோம். அளவுக்கு மேல் இருப்பது உபரி. பெரிய நதியில் வந்து சேரும் சிறிய நதி உபநதி. முக்கியத் தொழிலுக்கு அடுத்த நிலையில் இருப்பது உபதொழில். உபரி, உப ஆகிய இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. சமஸ்கிருதத்தின் உபரியும் கிரேக்கத்தின் ஹைப்பரும் ஒரே வேரிலிருந்து பிறந்த உறவுச் சொற்கள். அதேபோல உபவும் ஹைப்போவும் உறவுச் சொற்கள். லத்தீன் மொழியில் இவற்றின் உறவினர்கள் சூப்பர், சப். கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சர் வில்லியம் ஜோன்ஸ் 1786ல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் கூறியது குறிப்பிடத்தக்கது.

ஆக, ஹைப்பர் = உபரி = சூப்பர். ஹைப்போ = உப = சப். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். வேர்டில் சூப்பர்ஸ்கிரிப்ட், சப்ஸ்கிரிப்ட் என்று இரண்டு வசதிகள் உண்டு அல்லவா? ஒன்று எழுத்தை வரிக்கு மேலே தூக்கும். மற்றொன்று கீழே இறக்கும். கண்ட்ரோல், ஷிப்ட் கீகளோடு சமக்குறி கீயை அழுத்தினால் மேலே போகும். ஷிப்ட் இல்லாமல் கண்ட்ரோலும் சமக்குறியும் அழுத்தினால் கீழே போகும். ஹைப்பருக்கும் ஹைப்போவுக்கும் உள்ள வேறுபாடும் இதேதான்.

கம்ப்யூட்டரில் ஹைப்பர்

நமக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்கலாம்.

ஹைப்பர் டெக்ஸ்ட்: சாதாரண டெக்ஸ்ட் ஒரு வரிக்குப் பின் அடுத்த வரி என்று நேராகப் போகும். அதைத் தாண்டி, ஒரு சொல்லிலிருந்து வேறொரு பக்கத்திற்குத் தாவக் கூடியது ஹைப்பர் டெக்ஸ்ட். டெட் நெல்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இந்தச் சொல் 1965ல் அவருடைய ஆய்வுக் கட்டுரையில் வெளியானது. டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய எச்.டி.எம்.எல்., எச்.டி.டி.பி. ஆகிய இரண்டிலும் முதல் எழுத்தான எச் இந்த ஹைப்பர்தான். தமிழில் இதை மீயுரை என்கிறார்கள். மீ என்றால் மேல். மிகப் பொருத்தமான மொழிபெயர்ப்பு.

ஹைப்பர் டெர்மினல்: விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை இருந்த புரோகிராம். மோடம் மூலம் வேறொரு கம்ப்யூட்டரோடு பேச உதவியது. விஸ்டாவிலிருந்து இது நீக்கப்பட்டது.

ஹைப்பர் த்ரெடிங்: ஒரு கோர் இரண்டு கோர் போல வேலைகளை வாங்கிக்கொள்ளும் இன்டெல் தொழில்நுட்பம். 2002ல் ஜியான், பென்டியம் 4 சிப்களில் அறிமுகமானது.

ஹைப்பர்வைசர்: ஒரே கம்ப்யூட்டரில் பல ஆப்பரேட்டிங் சிஸ்டங்களை இயக்கும் சாப்ட்வேர். முன்பு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியை சூப்பர்வைசர் என்று அழைத்தார்கள். அந்த சூப்பர்வைசருக்கும் மேலே ஒன்று வந்தபோது, லத்தீன் சூப்பரை எடுத்துவிட்டு கிரேக்க ஹைப்பரைப் போட்டார்கள்.

சரி, கம்ப்யூட்டரில் ஹைப்போ இருக்கிறதா? உங்கள் கீபோர்டிலேயே இருக்கிறது. பூஜ்யத்திற்கு வலது பக்கத்தில் உள்ள ஹைபன் கீயைப் பாருங்கள். ஹைப்போ, ஹென் என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் சேர்ந்ததுதான் ஹைபன். ஹென் என்றால் ஒன்று. ஒன்றின் கீழ், அதாவது ஒன்றாகச் சேர்த்து என்று பொருள். பண்டைய கிரேக்கர்கள் இரு சொற்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதைக் காட்ட, அவற்றின் அடியில் ஒரு வளைகோடு போட்டார்கள். அடியில் இருந்த கோடு இப்போது நடுவுக்கு வந்துவிட்டது. பெயரில் மட்டும் அந்தக் கீழ் இன்னும் இருக்கிறது.

மூன்றாகப் பிரியுங்கள்

மருத்துவச் சொற்கள் பார்க்க நீளமாக இருந்தாலும், பெரும்பாலும் ரயில் பெட்டிகள் போலக் கோக்கப்பட்டவை. முதல் பெட்டி முன்னொட்டு. நடுப்பெட்டி எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லும். கடைசிப் பெட்டி அது எங்கே அல்லது எந்த நிலையில் உள்ளது என்று சொல்லும்.

ஹைப்பர்கிளைசீமியா என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஹைப்பர் என்றால் மிகுதி. கிளைக் என்றால் இனிப்பு, இங்கே சர்க்கரை. ஈமியா என்றால் ரத்தத்தில். சேர்த்தால், ரத்தத்தில் சர்க்கரை மிகுதி. முன்பகுதியை மட்டும் மாற்றி ஹைப்போகிளைசீமியா என்றால், ரத்தத்தில் சர்க்கரைக் குறைவு. அவ்வளவுதான்.

இப்போது நடுப்பெட்டியை மாற்றிப் பார்க்கலாம்.

1. கேலீமியா: பொட்டாசியம். இதன் லத்தீன் பெயர் கேலியம். அதனால்தான் வேதியியலில் அதன் குறியீடு கே. ரத்தத்தில் வழக்கமான அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 வரை (மில்லி ஈக்விவேலன்ட்). கூடினாலும் குறைந்தாலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

2. நேட்ரீமியா: சோடியம். லத்தீன் பெயர் நேட்ரியம். லிட்டருக்கு 135க்குக் கீழே போனால் ஹைப்போநேட்ரீமியா. வயதானவர்களுக்குத் திடீர் மனக்குழப்பம் வர இது ஒரு முக்கியக் காரணம்.

3. கால்சீமியா: கால்சியம். கேலீமியாவும் கால்சீமியாவும் காதுக்கு ஒன்று போல ஒலிக்கும். கவனம் தேவை.

4. லிபிடீமியா: கொழுப்பு. ரிப்போர்ட்டில் லிபிட் புரொபைல் என்று வருவதும் இந்த லிபிட்தான்.

5. ஆக்சீமியா: ஆக்சிஜன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது ஹைப்பாக்சீமியா. உடலின் திசுக்களுக்கே ஆக்சிஜன் போதாமல் போவது ஹைப்பாக்சியா. 2020, 2021 கொரோனா ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்சிமீட்டர், முதலாவதை மதிப்பிட்டுக் காட்டும் கருவி.

கடைசிப் பெட்டி ஈமியாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெர்மியா என்றால் வெப்பம். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. டென்ஷன் என்றால் அழுத்தம். இது லத்தீன் சொல். கிரேக்கமும் லத்தீனும் கலந்த கலப்புச் சொல்தான் ஹைப்பர்டென்ஷன், அதாவது உயர் ரத்த அழுத்தம். நாம் பேச்சில் டென்ஷன் என்று சொல்லும் மனப்படபடப்பு வேறு, இது வேறு. மிகச் சாந்தமானவருக்கும் ஹைப்பர்டென்ஷன் இருக்கலாம்.

ட்ரோபி என்றால் ஊட்டம். செல்கள் அளவில் பெரிதாகி ஓர் உறுப்பு தடிப்பது ஹைப்பர்ட்ரோபி. நீண்ட நாள் ரத்த அழுத்தத்தால் இதயச் சுவர் தடிப்பது இதற்கு உதாரணம். செல்களின் எண்ணிக்கை கூடுவது ஹைப்பர்பிளேசியா. வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கத்தின் பெயரில் இச்சொல் வரும். புற்றுநோய் அல்லாத வீக்கம் அது என்பதையும் கவனியுங்கள்.

குழப்பினால் என்ன ஆகும்?

இது வெறும் சொல் விளையாட்டல்ல. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் உள்ள வீட்டில் இந்த இரண்டு முன்னொட்டுகளும் உயிர் சம்பந்தப்பட்டவை.

ரத்தச் சர்க்கரை ஒரு டெசி லிட்டருக்கு 70 மில்லி கிராமுக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போகிளைசீமியா. வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், நினைவு தடுமாறும். நோயாளி நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் உடனே 15 கிராம் அளவுக்கு சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு இழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஹைப்பர்கிளைசீமியா இதற்கு நேர் எதிர். சர்க்கரை ஏறியிருக்கிறது. தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் இதன் அடையாளங்கள். இங்கே இன்சுலின் தேவைப்படலாம். ஹைப்போவில் இருப்பவரை ஹைப்பர் என்று நினைத்து மேலும் இன்சுலின் போட்டால், உயிருக்கே ஆபத்தாக முடியும்.

எனவே நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை இதுதான். போனில் டாக்டரிடமோ உறவினரிடமோ பேசும்போது ஹைப்பர், ஹைப்போ என்ற சொற்களை மட்டும் சொல்லாதீர்கள். மோசமான சிக்னலில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். "சுகர் இறங்கிடுச்சு, 52 இருக்கு" என்று தமிழில், எண்ணோடு சொல்லுங்கள். மொபைலில் பேசி டைப் செய்யும் வசதியைப் பயன்படுத்தி மெசேஜ் அனுப்பும்போதும், அனுப்பும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

எண் கூடினால் ஹைப்பரா?

முன்னொட்டு தெரிந்தவர்கள் கூடத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அது தைராய்டு ரிப்போர்ட்.

என் உறவுக்காரத் தம்பி ஒருவர் தன் ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பிவிட்டு, "அண்ணே, டி.எஸ்.எச். பன்னிரண்டு வந்திருக்கு, பக்கத்துல ஹை-ன்னு போட்டிருக்கு. அப்போ எனக்கு ஹைப்பர் தைராய்டுதானே?" என்று கேட்டார். அதற்குள் இண்டர்நெட்டில் ஹைப்பர் தைராய்டு பற்றி நான்கு பக்கங்கள் படித்தும் முடித்திருந்தார். அவருக்கு டாக்டர் உறுதி செய்ததோ ஹைப்போதைராய்டு.

ஏன் இப்படி? டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. பிரிண்டர் மந்தமாக வேலை செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? பிரிண்ட் பட்டனை மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம். கியூவில் கட்டளைகள் குவிகின்றன. கியூ நீளமாக இருக்கிறது என்றால் பிரிண்டர் வேகமாக இருக்கிறது என்று பொருளா? இல்லை, மந்தமாக இருக்கிறது என்றுதான் பொருள். அதுபோல தைராய்டு மந்தமானால் கட்டளை கூடும். டி.எஸ்.எச். எண் ஏறும். எண் உயர்வு, நோயோ குறைவு. ஹைப்பர் தைராய்டில் இது தலைகீழாகும். சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வதால் கட்டளை குறைந்துபோகும்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுதான். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் போடும் எச், எல் என்ற எழுத்துகள் அந்த எண்ணைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. ஹைப்பர், ஹைப்போ என்பவை எதன் மிகுதி, எதன் குறைவு என்பதை நடுப்பெட்டியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஹைப்போதைராய்டில் நடுப்பெட்டி தைராய்டு. குறைந்திருப்பது அதன் வேலை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருபவை

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் ஹைப்பரும் ஹைப்போவும் வரிக்கு வரி வரும். இங்கே அவை நோயின் பெயர்கள் அல்ல. திரையில் தெரியும் படத்தின் வெளிச்சத்தைப் பற்றிய வர்ணனை. மானிட்டரில் பிக்சல் பற்றித் தெரிந்த நமக்கு இது எளிதில் புரியும்.

அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனில் ஒலி அலைகளை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக மாற்றுகிறார்கள். எதிரொலி அதிகம் வரும் இடம் வெள்ளையாகத் தெரியும். அது ஹைப்பர்எக்கோயிக். எதிரொலி குறைவாக வரும் இடம் கருமையாகத் தெரியும். அது ஹைப்போஎக்கோயிக். எதிரொலியே இல்லாவிட்டால் அனெக்கோயிக். தண்ணீர் நிறைந்த கட்டிகள் இப்படித் தெரியும். பித்தப்பைக் கல் ஹைப்பர்எக்கோயிக்காகத் தெரியும்.

சி.டி. ஸ்கேனில் இதே பொருளில் வருபவை ஹைப்பர்டென்ஸ், ஹைப்போடென்ஸ். டென்ஸ் என்றால் அடர்த்தி. இதற்கு எண் அளவே உண்டு. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. எலும்புக்குப் பல நூறு. சி.டி. ஸ்கேனை உருவாக்கி 1979ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹவுன்ஸ்பீல்டு பெயராலேயே இந்த அலகு வழங்குகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஹைப்பர்இன்டென்ஸ், ஹைப்போஇன்டென்ஸ் என்று எழுதுவார்கள். இன்டென்ஸ் என்றால் சிக்னலின் வலிமை.

எனவே "ஹைப்போஎக்கோயிக் பகுதி காணப்படுகிறது" என்ற வரியைப் படித்ததும் பயந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள பகுதியைவிடச் சற்று கருமையாக ஓரிடம் தெரிகிறது என்பதே அதன் பொருள். அது சாதாரணமானதா, கவனிக்க வேண்டியதா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

ஹைப்போ என்றால் எப்போதும் குறைவா?

இல்லை. சில சொற்களில் ஹைப்போ இடத்தைக் குறிக்கும். அடியில் என்று பொருள் கொள்ள வேண்டும்.

ஹைப்போடெர்மிக்: டெர்மா என்றால் தோல். தோலுக்கு அடியில் செலுத்துவது. ஊசியின் பெயரில் வரும்.

ஹைப்போதாலமஸ்: மூளையில் தாலமஸ் என்ற பகுதிக்கு அடியில் இருப்பது. பசி, தாகம், உடல் வெப்பம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகிறது.

ஹைப்போகாண்ட்ரியம்: காண்ட்ரோஸ் என்றால் குருத்தெலும்பு. விலா எலும்புகளின் முனையில் உள்ள குருத்தெலும்புக்குக் கீழே உள்ள வயிற்றுப் பகுதி. டிஸ்சார்ஜ் சம்மரியில் "வலது ஹைப்போகாண்ட்ரியத்தில் வலி" என்று எழுதியிருந்தால், கல்லீரலும் பித்தப்பையும் உள்ள பக்கம் என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு கதை உண்டு. காரணமில்லாத மனச்சோர்வு அந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது என்று முற்காலத்தில் நம்பினார்கள். அதனால் நோய் இருக்குமோ என்று சதா அஞ்சும் நிலைக்கு ஹைப்போகாண்ட்ரியா என்று பெயர் வந்தது. இண்டர்நெட் வந்த பிறகு, நோய்களைத் தேடித் தேடிப் படித்துப் பயப்படுவதற்கு சைபர்காண்ட்ரியா என்று பெயரிட்டார்கள். சாதாரணத் தலைவலியைப் பற்றித் தேடத் தொடங்குபவர், கிளிக் செய்து கிளிக் செய்து மூளைக் கட்டிக்குப் போய் நிற்பதை மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் 2008ல் ஆராய்ந்து எழுதினார்கள். ஹைப்போவை வெட்டி சைபரை ஒட்டியதால், சொல்லின் நேர்ப்பொருள் என்னவோ சைபர் குருத்தெலும்பு என்றாகிவிட்டது!

மற்ற அறிவியல் துறைகளில்

பள்ளிக் கணக்கில் படித்த ஹைப்பாடினியூஸ், அதாவது கர்ணம், செங்கோணத்தின் அடியில் இழுத்துக் கட்டியது என்ற பொருளுடையது. ஹைப்போதிசிஸ் என்றால் அடியில் வைத்தது. வாதத்திற்கு அடித்தளமாக வைக்கும் கருதுகோள்.

வேதியியலில் ஹைப்போ, ஆக்சிஜன் குறைவைக் காட்டும். துணி வெளுக்கவும் தரை கழுவவும் பயன்படும் பிளீச் திரவத்தில் உள்ளது சோடியம் ஹைப்போகுளோரைட். குளோரைட்டில் குளோரினோடு இரண்டு ஆக்சிஜன், குளோரேட்டில் மூன்று. ஹைப்போகுளோரைட்டில் ஒன்றே ஒன்று. பிலிம் கேமரா காலத்தில் டார்க் ரூமில் ஹைப்போ என்று சொன்னது வேறு பொருள். சோடியம் தயோசல்பேட்டின் பழைய பெயரின் சுருக்கம் அது.

ஒலியைவிட 5 மடங்குக்கு மேல் வேகமாகப் பறப்பது ஹைப்பர்சானிக். கடல் மட்டத்தில் இது மணிக்கு ஏறத்தாழ 6,100 கிலோ மீட்டர். ஒலியின் வேகத்தைத் தாண்டினால் சூப்பர்சானிக். அதையும் வெகுவாகத் தாண்டினால் ஹைப்பர்சானிக். சூப்பர்வைசர், ஹைப்பர்வைசர் கதைதான் இங்கும்.

ஏமாற்றும் சொற்கள்

1. ஹிப்னாசிஸ்: இதுவும் எச், ஒய், பி என்றுதான் தொடங்கும். ஆனால் ஹைப்போவுக்கு உறவல்ல. ஹிப்னோஸ் என்றால் தூக்கம்.

2. ஹிப்போபொட்டாமஸ், ஹிப்போகேம்பஸ்: இவற்றில் எச் எழுத்துக்கு அடுத்து ஒய் இல்லை, ஐ வரும். பி இரண்டு முறை வரும். ஹிப்போஸ் என்றால் குதிரை. நீர்யானை கிரேக்கர்களுக்கு ஆற்றுக் குதிரை.

3. ஹைப்பாக்சியா: இதில் ஓ எழுத்து ஒரு முறைதான் வரும். அடுத்த பகுதி உயிரெழுத்தில் தொடங்கும் சில சொற்களில் ஹைப்போவின் கடைசி ஓ மறைந்துவிடும். ஹைபன் என்ற சொல்லிலும் நடந்தது இதுவே.

கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

முதலில், ரிப்போர்ட் பி.டி.எப். பைலைத் திறந்து கண்ட்ரோல், எப் கீகளை அழுத்துங்கள். எச், ஒய், பி என்ற மூன்று எழுத்துகளை மட்டும் டைப் செய்து தேடுங்கள். எல்லா ஹைப்பரும் ஹைப்போவும் வரிசையாகச் சிக்கும். ஸ்கேன் செய்து படமாகச் சேமித்த ரிப்போர்ட் என்றால் இந்தத் தேடல் வேலை செய்யாமல் போகலாம்.

இரண்டாவது, சொல்லை நீங்களாக டைப் செய்யாதீர்கள். ரிப்போர்ட்டிலிருந்து காப்பி செய்து சர்ச் பாக்ஸில் பேஸ்ட் செய்யுங்கள். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் அதே சொல் உள்ள பக்கங்களே பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் பெயர், வயது, போன் நம்பரோடு முழு ரிப்போர்ட்டையும் எங்கும் பேஸ்ட் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, எக்ஸெல்லில் ஒரு சிறு அகராதி தயாரிக்கலாம். முதல் காலத்தில் ஆங்கிலச் சொல், அடுத்ததில் முன்னொட்டு, அடுத்ததில் நடுப்பகுதி, கடைசியில் தமிழ்ப் பொருள். தலைப்பு வரியைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் பில்டர் கொடுங்கள். அம்புக்குறியைக் கிளிக் செய்து டெக்ஸ்ட் பில்டர்ஸ், எண்ட்ஸ் வித் தேர்ந்தெடுத்து இ, எம், ஐ, ஏ என்று டைப் செய்தால் ரத்தம் சம்பந்தப்பட்ட சொற்கள் மட்டும் தெரியும். பிரிட்டிஷ் முறையில் இதற்கு முன் ஓர் ஏ எழுத்து கூடுதலாக வரும். கடைசி நான்கு எழுத்து ஒன்றே என்பதால் இரண்டும் கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. வேர்ட் பைலில் ஹைப்போவை ஹைப்பராக மாற்ற வேண்டியிருந்தால் ரீப்ளேஸ் ஆல் பட்டனைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஹைப்போதாலமஸ் கூட ஹைப்பர்தாலமஸ் ஆகிவிடும்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

கீழே உள்ள ஐந்து சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்லுங்கள். விடைகளை மறைத்துக்கொண்டு முயலுங்கள்.

1. ஹைப்பர்யூரிசீமியா
2. ஹைப்போகால்சீமியா
3. ஹைப்போடென்ஷன்
4. ஹைப்பர்கேப்னியா (உதவி: கேப்னோஸ் என்றால் புகை)
5. ஹைப்பர்மெட்ரோபியா (உதவி: மெட்ரோன் என்றால் அளவு, ஓப்ஸ் என்றால் கண்)

விடைகள்:

1. ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுதி. கௌட் என்னும் மூட்டுவலிக்குக் காரணம்.
2. ரத்தத்தில் கால்சியம் குறைவு.
3. குறைந்த ரத்த அழுத்தம்.
4. ரத்தத்தில் கரியமில வாயு மிகுதி. புகை என்ற சொல் இங்கே அந்த வாயுவைக் குறிக்கிறது.
5. தூரப்பார்வை. ஒளி விழித்திரையில் குவியாமல் அதைத் தாண்டிப் பின்னால் குவியும். அதனால்தான் ஹைப்பர். பிளஸ் பவர் கண்ணாடி போடுவார்கள்.

ஐந்தில் நான்கு சரியென்றால் முறை கைவந்துவிட்டது. அடுத்த முறை வீட்டில் யாருக்கேனும் ரிப்போர்ட் வந்தால், முதலில் முன்னொட்டைப் பாருங்கள். பிறகு எதன் மிகுதி, எதன் குறைவு என்று நடுப்பகுதியைப் பாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது "இது என்ன நோய்?" என்று பதறாமல், "பொட்டாசியம் எதனால் கூடியிருக்கிறது, சாப்பாட்டில் எதைக் குறைக்க வேண்டும்?" என்று கேட்க முடியும். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். சரியான கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்.